'நெவர்' இருக்கும்போது 'நாட்' எதற்கு?

கேம்பஸ் இன்டர்வியூ நடக்கும் நாட்களில் பொறியியல் கல்லூரிகளில் காதில் விழுகிற வாக்கியம் ஒன்று உண்டு. "ஐ வொர்க்டு ஹார்ட்லி ஃபார் திஸ் ப்ராஜெக்ட், சார்." சொல்லும் பையன் ஆறு மாதம் ராத்திரி பகல் பார்க்காமல் லேபில் கிடந்திருப்பான். எதிரில் டை கட்டி உட்கார்ந்திருப்பவர் காதில் விழுவது வேறு. "இந்த ப்ராஜெக்டுக்கு நான் வேலையே பாக்கலைன்னு வெச்சுக்குங்க சார்!"

இன்னொரு காட்சி. "ஸோ, யூ ஹேவ் நெவர் வொர்க்டு இன் எ டீம்?" என்று கேட்கிறார்கள். மாணவி டீமில் வேலை பார்த்திருக்கிறாள். "நோ சார்" என்கிறாள். அவள் மனதில் ஓடியது "இல்ல சார், பாத்திருக்கேன்" என்பது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது "ஆமாம், பார்த்ததில்லை" என்பது. அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். மாணவிக்கு எங்கே தவறியது என்றே தெரியாது. வெளியே வந்து தோழிகளிடம் "நல்லாத்தான்டி பண்ணேன்" என்பாள்.

இரண்டுக்கும் கல்லூரி வழங்கும் தீர்ப்பு ஒன்றுதான்: "தமிழ் மீடியம், இங்கிலீஷ் வராது." இந்தத் தீர்ப்பு தப்பு. இவர்களுக்கு வராதது இங்கிலீஷ் முழுவதும் அல்ல. நெவர், ரேர்லி, செல்டம், ஹார்ட்லி எவர் என்ற நாலைந்து சொற்களும் அவற்றுக்கு உறவான சில பழக்கங்களும்தான். அவை வராமல் போனதற்குக் காரணம் மண்டையில் இல்லை, சொல்லிக்கொடுத்த விதத்தில் இருக்கிறது.

எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? ஒரு ஏணிப் படம். எல்லா ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகத்திலும் இருக்கும், சில வகுப்பறைச் சுவரிலும் தொங்கும். மேல்படியில் ஆல்வேஸ், நூறு சதவீதம். பிறகு யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ். கீழே இறங்கினால் ரேர்லி, ஹார்ட்லி எவர். தரைமட்டத்தில் நெவர், பூஜ்யம். பார்க்க அழகான படம். மனப்பாடம் செய்யவும் வசதி. ஆனால் குழப்பம் ஆரம்பிப்பதே இந்தப் படத்தில்தான். எல்லாம் ஒரே ஏணியின் படிகள், அளவில் மட்டும்தான் வித்தியாசம் என்று அது நம்ப வைத்துவிடுகிறது. உண்மையில் மேலே இருக்கும் நான்கும் ஒரு ஜாதி, கீழே இருக்கும் மூன்றும் வேறு ஜாதி. கீழே இருப்பவை எத்தனை தடவை என்று எண்ணுவதோடு நிற்பதில்லை, வாக்கியத்தையே 'இல்லை' பக்கம் சாய்த்துவிடுகின்றன. இதை அந்தப் படம் சொல்வதே இல்லை.

தமிழில் 'இல்லை' எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வினையின் வாலில். வருவான், வரமாட்டான். வந்தான், வரவில்லை. வந்திருக்கிறான், வந்ததில்லை. பழைய தமிழில் இன்னும் கெட்டியாக, வினைக்குள்ளேயே கரைந்து கிடக்கும்: வாரான், அறியேன். வாக்கியத்தின் கடைசிச் சொல் வருகிற வரைக்கும் அது ஆமாவா இல்லையா என்று முடிவாகத் தெரியாது. 'ஒருபோதும்', 'ஒருநாளும்' என்று ஆரம்பித்தால் கேட்பவர் ஊகித்துவிடுவார், ஆனால் அந்தச் சொற்கள் தாமே மறுப்பவை அல்ல. வினை மறுத்தே ஆகவேண்டும். "அவன் ஒருநாளும் பொய் சொல்ல மாட்டான்" சரி. "அவன் ஒருநாளும் பொய் சொல்லுவான்" என்றால் கேட்பவர் முழிப்பார்.

இந்தப் பழக்கத்தோடு ஒருவன் இங்கிலீஷுக்குப் போகிறான். 'ஒருநாளும்' என்றால் நெவர் என்று டிக்ஷனரி சொல்கிறது. சரி, நெவர் போட்டாயிற்று. வினைக்கு மறுப்பு வேண்டாமா? அதையும் போடுகிறான். "ஹி டஸ் நாட் நெவர் டெல் லைஸ்." தமிழ்க் கணக்குப்படி இதில் ஒரு பிழையும் இல்லை! ஒவ்வொரு சொல்லையும் பொறுப்பாக மொழிபெயர்த்திருக்கிறான். சிவப்பு மையில் வட்டம் போடுகிற ஆசிரியர் "டபுள் நெகட்டிவ்" என்று ஓரத்தில் எழுதுவதோடு நிறுத்திவிடுகிறார். உன் 'ஒருநாளும்' தனியாக மறுக்காது, இங்கிலீஷ்காரனின் 'நெவர்' தனியாகவே மறுத்துவிடும், ஆகவே அங்கே வினையைத் தொடாதே என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். வாழ்நாளுக்கும் மறக்காது.

இந்த 'வினையைத் தொடாதே' என்பதற்கு இன்னொரு பலனும் உண்டு. "ஹி நெவர் கம் லேட்" என்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர்! கடைசி 'ஸ்' எங்கே போயிற்று? 'நாட்' கூட்டத்தோடு வருகிற ஆசாமி. தனியாக நிற்க மாட்டான், 'டு' என்ற துணையைக் கூட்டி வருவான். அந்தத் துணை வினையிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளும். 'கம்ஸ்'-இல் இருக்கும் 'ஸ்' போய் 'டஸ்'-இல் ஒட்டிக்கொள்ளும். 'கேம்'-இல் இருக்கும் இறந்தகாலம் போய் 'டிட்'-இல் ஏறிக்கொள்ளும். மிஞ்சுவது மொட்டை 'கம்' மட்டும். நெவர் அப்படி எதையும் பிடுங்காது. அது ஓரமாக வந்து வினைக்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். "ஹி நெவர் கம்ஸ் லேட்." "ஹி நெவர் கேம் லேட்." வினை உடையோடு இருக்கிறது. 'ரேர்லி', 'ஹார்ட்லி எவர்' எல்லாம் இதே மாதிரிதான்.

எங்கே உட்காரும் என்பதற்குப் பெரிய விதி ஒன்றுமில்லை. சாதாரண வினைக்கு முன்னால். 'இஸ்', 'வாஸ்' வந்தால் பெரும்பாலும் அதற்குப் பின்னால்: "ஹி இஸ் நெவர் லேட்." 'ஹேவ்', 'வில்' மாதிரி துணைவினை இருந்தால் முதல் துணைவினைக்கும் வினைக்கும் நடுவில்: "ஐ ஹேவ் நெவர் சீன் இட்."

'ஆல்வேஸ் நாட்' என்று ஒரு தனிக்கதை இருக்கிறது. "அவன் எப்பவுமே லேட்டா வரமாட்டான்" என்று தமிழில் சர்வசாதாரணமாகச் சொல்லலாம். எப்பவுமே என்றால் ஆல்வேஸ், வரமாட்டான் என்றால் டஸ் நாட் கம். ஒட்டினால் "ஹி டஸ் நாட் ஆல்வேஸ் கம் லேட்." இலக்கணப் பிழை துளியும் இல்லாத வாக்கியம். ஆனால் அர்த்தம்? "அவன் எல்லா நாளும் லேட்டா வரமாட்டான், சில நாள் நேரத்துக்கும் வருவான்!" நண்பனைப் பாராட்டப் போய் மாட்டிவிட்டாயிற்று. பிழையான வாக்கியத்தைக்கூட மன்னிக்கலாம், கேட்பவர் சரிசெய்து புரிந்துகொள்வார். பிழையே இல்லாமல் வேறு அர்த்தம் தருகிற வாக்கியத்தை யார் திருத்துவது? ஒரு சிபாரிசுக் கடிதத்தில் இது வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தமிழில் 'எப்பவுமே'யும் 'மாட்டான்'-உம் சேர்ந்து வந்தால் இங்கிலீஷில் நெவர் ஒன்றே ஒன்று போதும்.

அடுத்தது ரேர்லி. இதற்குத் தமிழிலேயே ஒரு தங்கமான ஜோடி இருக்கும்போது யாரும் எடுத்துக் காட்டாதது ஏன் என்று புரியவில்லை. அத்தி பூத்தாற்போல்! "அத்தி பூத்தாப்புல எப்பவாவது வீட்டுக்கு வருவான்" என்பார்கள். வருவான் என்றுதான் சொல்வார்கள். "அத்தி பூத்தாப்புல வரமாட்டான்" என்று ஒரு பாட்டியும் சொன்னதில்லை. 'ரேர்லி'யும் அதே குணம். வினை நேராக இருக்கும், பேச்சின் தொனி மட்டும் குறைப்படும்: "ஹி ரேர்லி விசிட்ஸ் அஸ்." 'டஸ் நாட் ரேர்லி' என்று எழுதப் போகும்போது அத்தி மரத்தை நினைத்துக்கொண்டால் கை தானாக நின்றுவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம். 'ரேர்லி'யும் 'அகேஷனலி'யும் எண்ணிக்கையில் கிட்டத்தட்ட அக்கம்பக்கம். வருஷத்தில் மூன்று தடவை லேட்டாக வந்தவனைப் பற்றி "ஹி இஸ் ரேர்லி லேட்" என்று மேனேஜர் எழுதினால் பாராட்டு. "ஹி இஸ் அகேஷனலி லேட்" என்று எழுதினால் புகார். அதே மூன்று தடவைதான்! ஒன்று 'வரமாட்டான்' பக்கம் பார்க்கிறது, மற்றது 'வருவான்' பக்கம் பார்க்கிறது. சதவீத ஏணியில் இதைக் காட்டவே முடியாது. மருந்து ஆராய்ச்சிக்காரர்களுக்கு இந்த வழவழா ஒத்துவராது, அதனால் எண்ணைக் கட்டிவிட்டார்கள். ஐரோப்பாவில் மாத்திரைப் பெட்டிக்குள் வைக்கும் தாளில் ஒரு பக்கவிளைவு 'ரேர்' என்று இருந்தால் பத்தாயிரம் பேரில் ஒருவர் முதல் பத்துப் பேர் வரை என்று பொருள். 'வெரி ரேர்' என்றால் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. பேச்சில் அப்படி எண்ண முடியாது, சாய்வுதான் முக்கியம்.

இப்போது அந்த ப்ராஜெக்ட் பையனிடம் திரும்பலாம். 'ஹார்ட்லி' பெரிய ஏமாற்றுக்காரச் சொல். குவிக் என்றால் குவிக்லி, ஸ்லோ என்றால் ஸ்லோலி, அப்படியானால் ஹார்ட் என்றால் ஹார்ட்லி. இதைவிட நியாயமான கணக்கு உண்டா? உண்மையில் பழைய இங்கிலீஷ் நூல்களில் 'ஹார்ட்லி' கடுமையாக என்ற பொருளில் வந்ததும் உண்டு. பிறகு 'கஷ்டப்பட்டு' என்று ஆயிற்று. அதிலிருந்து நழுவி 'கிட்டத்தட்ட இல்லை' என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டது. கஷ்டத்திலிருந்து 'இல்லை'க்கு எப்படிப் போகும் என்று தோன்றுகிறதா? தமிழும் அதே வழியில்தான் போகிறது. "இன்னிக்கு அவர் வர்றது கஷ்டம்" என்றால் அவர் சிரமப்பட்டு வந்துவிடுவார் என்றா அர்த்தம்? வரமாட்டார் என்று அர்த்தம்! "இந்த மார்க்குக்கு அந்த காலேஜ்ல சீட் கெடைக்கிறது கஷ்டம்தான்" என்று மாமா சொன்னால் கிடைக்காது என்று புரிந்துகொள்ளாத பிள்ளை உண்டா? 'கஷ்டம்தான்' என்ற அந்த மாமாவின் குரல்தான் ஹார்ட்லி. உழைப்புக்கு வெறும் 'ஹார்ட்' போதும்: "ஐ வொர்க்டு ஹார்ட்."

இவ்வளவுக்கும் "இதெல்லாம் எதுக்குங்க, வெள்ளைக்காரனே ரெண்டு நெகட்டிவ் போட்டுப் பாடறானே" என்று கேட்பவர்கள் உண்டு. வாஸ்தவம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1965ஆம் வருஷத்து சூப்பர் ஹிட் பாட்டின் தலைப்பிலேயே 'கான்ட்'டும் 'நோ'வும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். லண்டன் தெருவிலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் கறுப்பின மக்களின் பேச்சிலும் இது அன்றாட வழக்கு. இன்னும் பின்னால் போனால் சாசர், பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர், தன் வீரனை வர்ணிக்கிற ஒரே வாக்கியத்தில் நான்கு எதிர்மறைகளை அடுக்கியிருக்கிறார். 'நெவர்' என்ற சொல்லே 'நே' என்ற பழைய மறுப்பும் 'எவர்'-உம் ஒட்டிப் பிறந்ததுதான், அதன் பக்கத்தில் இன்னொரு 'நே' வருவது அந்தக் காலத்தில் பிழையே இல்லை. காலப்போக்கில் மொழிகள் மறுப்பை எப்படி அழுத்தி, தேய்த்து, மறுபடி அழுத்திக்கொள்கின்றன என்று டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பெர்சன் 1917இல் தனிப் புத்தகமே எழுதினார்.

இரண்டு மறுப்பு சேர்ந்தால் ஆமா ஆகிவிடும் என்ற விதி பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கணப் புத்தகங்களில் ஏறி உட்கார்ந்தது. 1762இல் முதலில் வெளியான ராபர்ட் லௌத்தின் இலக்கணத்தின் தலையில்தான் வழக்கமாக இந்தப் பழியைப் போடுவார்கள். அவருக்கு முன்பே படித்தவர்களின் எழுத்தில் இரட்டை மறுப்பு குறைய ஆரம்பித்துவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். அவர் பின்னாளில் லண்டனின் பிஷப் ஆனார் என்பது உபரித் தகவல். :-)

ஆக, "டபுள் நெகட்டிவ் லாஜிக்குக்கு எதிரானது" என்று வகுப்பில் சொல்வது பொய். ரஷ்யன், ஸ்பானிஷ் எல்லாம் மறுப்பைத் திரும்பச் சொல்லுகிற மொழிகள்தான். அவர்களுக்கெல்லாம் லாஜிக் இல்லையா என்ன? இது எழுத்து இங்கிலீஷின் சட்டை. ஆபீஸுக்குப் போகும்போது போட்டுக்கொள்ள வேண்டிய சட்டை. பாட்டில் வருகிறதே என்று இன்டர்வியூவில் 'ஐ டோன்ட் நோ நத்திங்' என்றால் பாடகருக்குக் கிடைத்த கைதட்டல் கிடைக்காது. சட்டை என்று சொல்லி மாட்டிவிட்டால் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். முட்டாள் என்று சொல்லி மாட்டும்போதுதான் வாயைத் திறக்கவே பயப்படுகிறார்கள். பத்தாம் வகுப்பில் ஒரு தடவை சிரித்துவிட்டால் கல்லூரி முடியும் வரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

கீழ்ப்படிச் சொற்கள் வேறு ஜாதி என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எட்வர்ட் கிளிமா என்ற அமெரிக்க மொழியியலாளர் 1964இல் எழுதிய கட்டுரையில் சில சோதனைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று 'டேக்' கேள்வி. "ஹி ஆஃபன் கம்ஸ், டஸின்ட் ஹி?" ஆமா வாக்கியம், அதனால் வாலில் மறுப்பு. "ஹி நெவர் கம்ஸ், டஸ் ஹி?" இதில் 'நாட்' எங்குமே இல்லை, ஆனால் வாலில் ஆமா வருகிறது. வாக்கியம் ஏற்கெனவே மறுத்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. 'ரேர்லி', 'ஹார்ட்லி எவர்' போட்டாலும் அப்படியேதான். 'நானும்தான்' என்பதிலும் இதே சங்கதி. தமிழில் "நான் கறி சாப்பிட மாட்டேன்" என்றாலும், "நான் கறி சாப்பிடுவேன்" என்றாலும், "நானும்தான்" என்று ஒரே பதிலில் தப்பித்துவிடலாம். இங்கிலீஷில் முதலாவதற்கு 'மீ டூ' என்றால் கேட்பவர் ஒரு நொடி குழம்புவார். 'மீ நைதர்' அல்லது 'நைதர் டு ஐ' என்று சொல்லவேண்டும்.

பேங்க் எக்ஸாம், எஸ்.எஸ்.சி. எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கேள்வித்தாள்கள் விரும்புகிற இடங்கள் வேறு. 'செல்டம் ஆர் எவர்' என்று கொடுத்துப் பிழை கண்டுபிடிக்கச் சொல்வார்கள். 'செல்டம் ஆர் நெவர்' அல்லது 'செல்டம் இஃப் எவர்' என்று இருக்கவேண்டும். நெவர், ரேர்லி, செல்டம் எதுவானாலும் வாக்கியத்தின் தலையில் தூக்கி வைத்தால் பின்னால் வருவது கேள்வி மாதிரி புரண்டுவிடும்: "நெவர் ஹேவ் ஐ சீன்", "ரேர்லி டஸ் ஹி ஸ்பீக்." ஓரமாக உட்கார்ந்திருந்தபோது வேண்டாத 'டு', தலைக்கு ஏறியதும் தேவைப்படுகிறது, கவனியுங்கள். 1940 ஆகஸ்டில் சர்ச்சில் விமானப்படையைப் புகழ்ந்து பேசிய பிரபல வாக்கியம் 'நெவர்' என்றுதான் ஆரம்பிக்கும், வினை முந்திக்கொண்டு நிற்கும். மேடைக்கு அது கம்பீரம். பஸ்ஸுக்கு நிற்கும்போது 'நெவர் ஹேவ் ஐ' என்றால் நாடகம். 'செல்டம்' என்ற சொல்லையே பேச்சில் கேட்பது அபூர்வம். பேசுவதற்கு 'ரேர்லி', 'ஹார்ட்லி எவர்' போதும். ஏணிப் படம் வரைந்தவர்கள் இதையும் சொல்லியிருக்கலாம்.

டீமில் வேலை பார்த்த அந்த மாணவியின் விஷயம்தான் பாக்கி. தமிழில் 'ஆமா', 'இல்ல' இரண்டும் கேட்பவரின் வாக்கியத்துக்குப் பதில். நீ சொன்னது சரி, நீ சொன்னது தப்பு. இங்கிலீஷின் 'யெஸ்', 'நோ' நடந்த காரியத்துக்குப் பதில். பார்த்திருந்தால் யெஸ், பார்க்காவிட்டால் நோ, கேள்வியில் நெவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இதை அவசரத்தில் யோசித்துக்கொண்டிருக்க முடியாது, இன்டர்வியூ ஏ.சி. ரூமில் அதற்கு அவகாசமும் கிடையாது. அதனால் தனியாக யெஸ், நோ சொல்வதையே விட்டுவிடுவது நல்லது. வினையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். "ஐ ஹேவ், சார். இன் மை தேர்ட் இயர் ப்ராஜெக்ட், வித் த்ரீ அதர்ஸ்." முன்னால் தவறிப்போய் ஒரு 'நோ' விழுந்திருந்தாலும் பின்னால் வருகிற 'ஐ ஹேவ்' அதைத் தூக்கி நிறுத்திவிடும்.